40 குதிரைத்திறன் படகு எஞ்சினா, பழைய மாருதி எஞ்சினா: ஒரு மண்தட வண்டிக்கான தேர்வு

குமரிக் கடற்கரையில் வசிக்கும் நண்பர் ஒருவரின் கொட்டகையில் யமஹா எண்டியூரோ வகை அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சின், ஒன்று சாக்கு போர்த்திக் கிடக்கிறது. இரண்டு சிலிண்டர், 703 சிசி, டூ-ஸ்ட்ரோக், 40 குதிரைத்திறன். வள்ளத்தை விற்றபோது எஞ்சினை மட்டும் அவர் விற்கவில்லை. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து இரண்டு பேர் உட்காரும் ஒரு சிறிய வண்டியைக் கட்டி, அவருடைய சொந்தத் தோப்பை ஒட்டிய மண்தடத்தில் ஓட்ட வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. எஞ்சின் கையில் இருக்கும்போது வேறொன்றை ஏன் வாங்க வேண்டும் என்பது அவர் என்னிடம் கேட்ட கேள்வி. அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. படகு எஞ்சினைப் படுக்கவைத்துப் பூட்டுவது, நின்ற நிலையிலேயே பூட்டுவது, பழைய மாருதி 800இன் எஞ்சினைப் பயன்படுத்துவது, மோட்டார் சைக்கிள் எஞ்சினை நாடுவது ஆகிய நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே நான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

பொதுச் சாலை இந்த ஒப்பீட்டில் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. வீட்டில் கட்டிய சட்டத்தில், புகைக் கட்டுப்பாட்டு விதி எதற்கும் உட்படாத கடல் எஞ்சினைப் பூட்டிய ஒரு வண்டிக்குப் பதிவெண் கிடைக்க வழியே இல்லை. ஆகவே இங்கே பேசப்படுவது, சுமார் 400 கிலோ எடையில் தனியார் நிலத்தில் மட்டுமே ஓடப்போகும் வண்டியைப் பற்றியது.

இந்த யோசனையைக் கேட்டதும் சிரித்துவிடுவதும் சரியல்ல, ஏனெனில் படகுப் பந்தயத்துக்காகப் பிறந்த எஞ்சின் தரையில் வென்ற வரலாறு உண்டு. பெர்லினில் டீட்டர் கோனிக் தயாரித்த 500 சிசி, நான்கு சிலிண்டர், நீர்க்குளிர்ச்சி கொண்ட டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினை மோட்டார் சைக்கிளில் பொருத்தி ஓட்டிய நியூசிலாந்துக்காரர் கிம் நியூகோம்ப், 1973இல் யூகோஸ்லாவியாவின் ஒபாத்தியாவில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தை வென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் சில்வர்ஸ்டோன் தடத்தில் நேர்ந்த விபத்தில் அவர் இறந்துபோனார். ஆனாலும் அந்த ஆண்டின் 500 சிசி உலகப் பட்டியலில் அவருடைய பெயர் இரண்டாம் இடத்தில் நின்றது. 1975, 1976 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பக்கப்பெட்டி (சைட்கார்) மோட்டார் சைக்கிள்களுக்கான உலகப் பட்டத்தை ரோல்ஃப் ஷ்டைன்ஹவுசன் வென்றதும் கோனிக் எஞ்சினைக் கொண்டுதான். எதிர்த்திசைப் பயணமும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கிராஸ்லி என்னும் குட்டிக் காருக்காகச் செய்யப்பட்ட நாலு-ஸ்ட்ரோக் எஞ்சினை 1950களில் செங்குத்தாக நிமிர்த்தி, ஃபேஜல் 44 என்ற பெயரில் அவுட்போர்டாக விற்றார்கள்.

இவற்றிலிருந்து தெரிவது, எஞ்சினுக்குத் தரை என்றும் கடல் என்றும் பேதம் இல்லை என்பதல்ல. கோனிக் எஞ்சினை மோட்டார் சைக்கிளில் ஏற்றியவர்கள் அதற்குத் தனியாகக் கிளட்சும் கியர் பெட்டியும் சேர்த்தார்கள், ரேடியேட்டர் சேர்த்தார்கள், புகைக்குழாயைப் புதிதாக வளைத்தார்கள். அவர்களுக்கு வேலை மிச்சமாகவில்லை. குறைந்த எடையில் வேறெங்கும் கிடைக்காத திறன் கிடைத்தது. நம் நண்பரின் எஞ்சினில் அந்தத் திறன் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும்.

40 குதிரைத்திறன் என்பது சுமார் 30 கிலோவாட். அது நிமிடத்துக்கு 5000 சுற்றில் கிடைக்கிறது என்று கொண்டால், அந்த வேகத்தில் எஞ்சின் தரும் முறுக்குவிசை ஏறத்தாழ 57 நியூட்டன் மீட்டர். கார்பரேட்டர் வைத்த பழைய மாருதி 800இன் 796 சிசி எஞ்சின் 5000 சுற்றில் 37 குதிரைத்திறனையும், 2500 சுற்றிலேயே 59 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் தருகிறது. இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றே. டூ-ஸ்ட்ரோக் என்றதும் மனத்தில் எழும் ஆர்.எக்ஸ். 100 நினைவுகளை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த எண்களைப் பார்க்க வேண்டும். அவுட்போர்டு எஞ்சின் பந்தய எஞ்சின் அல்ல. வலைகளை ஏற்றிக்கொண்டு மணிக்கணக்கில் ஒரே சுற்றில் ஓடுவதற்காக, சிசிக்கு ஏற்ற திறனைப் பிழிந்தெடுக்காமல் நிதானமாக அமைக்கப்பட்ட உழைப்பாளி அது.

கடலிடம் கடன் வாங்கிய பாதி

அவுட்போர்டின் மூடியைக் கழற்றினால் மேலே தெரிவது முழு எஞ்சின் அல்ல. அதன் குளிர்ச்சி அமைப்பில் பாதி கடலில் இருக்கிறது. அதன் புகைக்குழாய் நடுத்தண்டுக்குள் இருக்கிறது. அதன் கியர் பெட்டி தண்ணீருக்கடியில் இருக்கிறது. அதன் கிளட்ச் வேலையைத் தண்ணீரே செய்கிறது. தலைப்பகுதியை மட்டும் கழற்றித் தரைக்குக் கொண்டுவரும்போது இவை நான்கையும் நாம்தான் செய்து கொடுக்க வேண்டும்.

குளிர்ச்சியில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் இந்த மாற்றத்தில் எஞ்சினைக் கொல்லப்போவது பெரும்பாலும் அதுதான். கீழ்ப்பகுதியில் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் கடல் நீரை உறிஞ்சி மேலே அனுப்ப, அந்த நீர் பிளாக்கைச் சுற்றி வந்து வெளியே கொட்டிவிடுகிறது. சுற்றும் நீர் மறுபடி வருவதில்லை. ஒவ்வொரு நொடியும் புதிதாக, 28 டிகிரியில் வருகிறது. கடல் நீரைச் சூடாக விட்டால் உப்புப் படியும் என்பதால் இந்த எஞ்சின்களில் சூட்டைப் பார்த்து நீர்வழியைத் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 50 முதல் 60 டிகிரிக்குள் திறந்துவிடும். கார் எஞ்சினின் தெர்மோஸ்டாட்டோ 80 டிகிரியைத் தாண்டித்தான் திறக்கும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் உள்ள இடைவெளி, கார்பரேட்டர் ஜெட்டின் அளவு, கம்ப்ரஷன் விகிதம் எல்லாமே அந்தக் குளிர்ந்த பிளாக்கை மனத்தில் வைத்துத் தீர்மானிக்கப்பட்டவை. அதே எஞ்சினை 85 டிகிரியில் ஓட்டினால் உள்ளே வரும் கலவை சூடேறி, எரிபொருள் தன் போக்கில் வெடித்துப் பிஸ்டன் தலையைத் தின்னத் தொடங்கும். அல்லது பிஸ்டன் விரிந்து, சிலிண்டருக்குள் இறுகிச் சீஸ் ஆகும்.

அப்படியானால் 60 டிகிரியிலேயே வைத்திருக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே நிற்கிறது. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், உள்ளே ஓடும் நீருக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. சித்திரை வெயிலில் காற்று 38 டிகிரி என்று கொண்டால், 85 டிகிரியில் ஓடும் கார் எஞ்சினுக்கு 47 டிகிரி வேறுபாடு கிடைக்கிறது. 60 டிகிரியில் நிறுத்த வேண்டிய படகு எஞ்சினுக்குக் கிடைப்பது 22 டிகிரிதான். அதே அளவு வெப்பத்தை வெளியேற்ற இரண்டு மடங்குக்கும் மேல் பெரிய ரேடியேட்டர் வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அவுட்போர்டில் புகை வெளியேறும் அறையைச் சுற்றியும் குளிர்நீர் ஓடுவதால், கார் எஞ்சினில் புகைக்குழாய் வழியாகக் காற்றுக்குப் போய்விடும் வெப்பத்தில் ஒரு பங்கும் இங்கே நீரின் தலையில் விழுகிறது. மண்தடத்தில் மெதுவாக, அதிகச் சுமையில், எதிர்க்காற்று இல்லாமல் ஓடும் வண்டிக்கு இது மிகக் கடினமான நிபந்தனை. பழைய மாருதி ரேடியேட்டர் ஒன்றைப் பொருத்திவிட்டால் போதும் என்று பட்டறையில் யாராவது சொன்னால், இந்தக் கணக்கை அவரிடம் காட்டலாம்.

புகைக்குழாயின் கதை இதைவிடச் சுருக்கமானது. சிலிண்டரிலிருந்து வெளிவரும் புகை, நீர் சூழ்ந்த அலுமினிய அறை வழியாகக் கீழே இறங்கி, நீரோடு கலந்து, சத்தமும் சூடும் அடங்கித் தண்ணீருக்கடியில் வெளியேறுகிறது. அந்த நீர் இல்லாவிட்டால் அலுமினியம் தாங்காது. எனவே சிலிண்டரில் புகை வெளியேறும் துளையான போர்ட்டின் வாயிலிலேயே எஃகுக் குழாயை இணைக்கும்படி புதிய தகடு செய்ய வேண்டும். சத்தத்தை அடக்கப் பெரிய சைலன்ஸரும் வேண்டும். கடலில் சாந்தமாகப் பாடிய எஞ்சின் தோப்பில் என்ன பாடு படுத்தும் என்பதை அக்கம்பக்கத்தாரும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கச் சொல்வார்கள்.

புரொப்பல்லருக்குப் பழகிய எஞ்சின்

குளிர்ச்சியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதிகம் பேசப்படாத ஒன்று, எஞ்சின் பழகியிருக்கும் சுமை. புரொப்பல்லர் கேட்கும் திறன், சுற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறுகிறது. 5000 சுற்றில் 40 குதிரைத்திறனை வாங்கிக்கொள்ளும் புரொப்பல்லர், 2500 சுற்றில் அதில் எட்டில் ஒரு பங்கை, அதாவது 5 குதிரைத்திறனையே கேட்கும். இதனால் படகில் திராட்டிலின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சுற்று வேகம் தானாகவே அமைந்துவிடுகிறது. முழுத் திராட்டில், குறைந்த சுற்று என்ற சேர்க்கை ஓரிரு நொடிகளுக்கு மேல் நீடிப்பதே இல்லை. இதை நம்பித்தான் பல பழைய அவுட்போர்டுகளில் பற்றவைப்பு நேரத்தைத் திராட்டில் கம்பியோடே இணைத்திருக்கிறார்கள்: திராட்டிலைத் திறந்தால் ஸ்பார்க் முன்கூட்டியே விழும்.

இதே எஞ்சின் வண்டியில் மூன்றாம் கியரில், மணல் மேட்டில், 2000 சுற்றில் திணறிக்கொண்டிருக்கும்போது ஓட்டுநர் திராட்டிலை முழுதாக மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் தன் வாழ்நாளில் கண்டிராத நிலை அது. சுற்றுக் குறைவு, கலவை முழுது, ஸ்பார்க்கோ 5000 சுற்றுக்கு உரிய இடத்தில். கலவை தன் போக்கில் வெடிக்கும் நாக்கிங் தவிர்க்க முடியாதது. இதைச் சரிசெய்யப் பற்றவைப்பைத் திராட்டிலிலிருந்து பிரித்து, சுற்று வேகத்தைப் பார்த்து நேரத்தை மாற்றும் மின்னணுச் சாதனத்தைப் பொருத்த வேண்டும். அது செய்யக்கூடியதுதான். ஆனால் கையில் இருக்கும் எஞ்சினை அப்படியே பூட்டலாம் என்ற தொடக்க வாதம் இங்கே மேலும் கொஞ்சம் கரைகிறது.

எதிர்நிலையும் உண்டு. இறக்கத்தில் திராட்டிலை மூடிவிட்டால் சக்கரம் எஞ்சினைச் சுழற்றும். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்து வருவதால், பெட்ரோல் நின்றால் ஆயிலும் நிற்கிறது. எஞ்சினோ 4000 சுற்றில் உலர்ந்து ஓடுகிறது. 1950, 60களில் டூ-ஸ்ட்ரோக் கார்களை விற்ற சுவீடனின் சாப் நிறுவனம் இதற்காகவே கியர் பெட்டியில் ஃப்ரீவீல் வைத்தது. சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் சக்கரம் தன் போக்கில் ஓடுவதைப் போல, அந்தக் கார்களில் காலை எடுத்தால் எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிவிட, கார் மட்டும் உருண்டுகொண்டிருக்கும். படகில் இந்தத் தொல்லை பெரிதாக எழுவதில்லை. திராட்டிலை மூடினால் தண்ணீர் சில நொடிகளில் படகை நிறுத்திவிடும்.

படுக்கவைப்பதா, நிறுத்திவைப்பதா

அவுட்போர்டின் கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கிறது. மேல் முனையில் ஃப்ளைவீலும், கீழ் முனையில் ஸ்பிளைன் (தண்டு பொருந்தும் பற்கள்) வெட்டிய துளையும் இருக்கின்றன. அதைப் படுக்கவைத்தால் ஆயில் எங்கே போகும் என்ற கேள்வி டூ-ஸ்ட்ரோக்கில் எழாது, ஏனெனில் அதில் ஆயில் தொட்டியே இல்லை. இந்த ஒரு காரணத்தால் நாலு-ஸ்ட்ரோக் அவுட்போர்டைவிட டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டைப் படுக்கவைப்பது எளிது. ஆனால் வேறு மூன்று வேலைகள் இருக்கின்றன. எஞ்சினோடு சேர்ந்து கார்பரேட்டரும் சாய்ந்துவிடுவதால் அதன் மிதவைக் கிண்ணம் மறுபடி நிமிரும்படி புதிய மேனிஃபோல்டு (கலவையை எஞ்சினுக்குள் கொண்டுசெல்லும் குழாய்) செய்ய வேண்டும். கிராங்க் அறையின் அடியில் தேங்கும் ஆயில் கலவையை மேல் பேரிங்குக்கு எடுத்துச் செல்லும் சிறு குழாய்கள் பல அவுட்போர்டுகளில் உண்டு. படுத்த நிலையில் அடி எது, மேல் எது என்பது மாறிவிடுவதால் அவற்றை மறுபடி யோசித்துப் பூட்ட வேண்டும், தவறினால் ஒரு பேரிங் ஆயிலின்றித் தேயும். பிளாக்கின் நீர்வழிகள் கீழிருந்து மேலாக நிரம்பும்படி வார்க்கப்பட்டவை. படுக்கவைத்ததும் புதிய உச்சியில் காற்றுக் குமிழி சிக்கிக்கொள்ளும் என்பதால் அங்கே ஒரு துளையிட்டுக் காற்றை வெளியேற்றியாக வேண்டும்.

நிறுத்திவைத்தால் இந்த மூன்றும் மிச்சம். ஆனால் செங்குத்தான சுழற்சியைப் படுக்கை நிலைக்குத் திருப்ப ஒரு கோண கியர் பெட்டி தேவைப்படும். அவுட்போர்டின் கீழ்ப்பகுதியிலேயே அப்படியொரு பெட்டி இருக்கிறதே, ஏறத்தாழ 2:1 விகிதத்தில், முன்னும் பின்னும் ஓடும்படி என்று நண்பர் சொன்னார். பார்வைக்கு அழகான யோசனை. சிக்கல் என்னவென்றால் அந்தப் பெட்டியில் முன், பின் மாற்றுவது பற்கள் கொண்ட டாக் கிளட்ச். அது பிடிக்கும் அல்லது விடும், வழுக்காது. படகு புறப்படும்போது வழுக்குவது தண்ணீரில் சுழலும் புரொப்பல்லர். தரையில் டயர் வழுக்கினால்தான் உண்டு, இல்லாவிட்டால் எஞ்சின் நின்றுபோகும், அல்லது பல் உடையும். மேலும் உயரமான எஞ்சின் நின்ற நிலையில் இருப்பதால் வண்டியின் எடை மையம் மேலே ஏறி, திருப்பத்தில் கவிழும் ஆபத்தும் கூடுகிறது. நிறுத்திவைக்கும் வழியை நான் இத்தோடு ஒதுக்கிவிட்டேன்.

படுக்கவைத்த எஞ்சினுக்குக் கிளட்சும் கியரும் கொடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஸ்கூட்டரில் இருப்பதைப் போன்ற, ஆனால் அதைவிடப் பல மடங்கு வலுவான, பனிவண்டிகளில் பயன்படும் பெல்ட் வேரியேட்டர். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அது மிகப் பொருத்தம், ஏனெனில் எஞ்சினை எப்போதும் அதற்குப் பிடித்த சுற்றிலேயே வைத்திருக்கும். நாம் முன்பு பார்த்த மணல் மேட்டுத் திணறல் பெருமளவு மறைந்துவிடும். பனி பெய்யாத நாட்டில் 40 குதிரைத்திறன் தாங்கும் பனிவண்டி வேரியேட்டரைத் தேடிப் பிடிப்பதும், அறுந்தால் மறு பெல்ட் வரவழைப்பதும் வேறு கதை. இந்த வழியில் கிராங்க் முனையைப் பெல்ட் பக்கவாட்டில் இழுக்கும். அந்த முனையின் பேரிங் சுழற்சியைக் கடத்துவதற்கு மட்டுமே அமைந்தது. பக்க இழுவையைத் தாங்காது. எனவே லேத்தில் கடைந்த ஒரு தனித் தண்டு, அதற்கு இரண்டு பேரிங், இடையில் வளைந்து கொடுக்கும் கப்ளிங் ஆகியவற்றை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையில் நேர்கோட்டில் பொருத்த வேண்டும்.

மற்றொரு வழி, பழைய மாருதி 800இன் கியர் பெட்டியையும் கிளட்சையும் ஒரு தடித்த தகடு வழியாக இணைப்பது. சுழலும் திசை இங்கே தற்செயலாகப் பொருந்திவருகிறது. ஃப்ளைவீல் பக்கமிருந்து பார்த்தால் அவுட்போர்டு கடிகார முள்ளின் திசையில் சுற்றுகிறது. எதிர்முனையில் கியர் பெட்டியைப் பூட்டினால், மாருதி எஞ்சின் சுழற்றும் அதே திசையில்தான் பெட்டி சுழலும். நான்கு முன் கியர், ஒரு பின் கியர், இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல், சக்கரம் வரைக்கும் ஆக்சில் எல்லாம் ஒரே பொட்டலமாகக் கிடைத்துவிடும். படகு எஞ்சினைத்தான் பூட்டுவேன் என்பவருக்கு நான் சொல்லக்கூடிய சிறந்த வழி இதுவே.

இந்த வழியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கியர் பெட்டிக்காகக் கண்டம் செய்யப்பட்ட மாருதி ஒன்றை வாங்கினால் அதன் எஞ்சினும் கூடவே வரும். அந்த எஞ்சின் ஏற்கெனவே படுத்திருக்கிறது. ஏற்கெனவே அந்தக் கியர் பெட்டியோடு பொருந்தியிருக்கிறது. அதற்குரிய ரேடியேட்டர், தண்ணீர்ப் பம்பு, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், சைலன்ஸர் எல்லாம் அதே வண்டியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. இவ்வளவையும் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, வெறும் 3 குதிரைத்திறன் அதிகத்துக்காக அந்த இடத்தில் படகு எஞ்சினை வைக்கப் பல வாரங்கள் லேத் பட்டறையில் நிற்பதா என்பதுதான் உண்மையான கேள்வி.

மாருதியும் மற்றவையும்

மாருதி 800 முதன்முதலில் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2014இல் உற்பத்தி நின்றது. முப்பது ஆண்டுகள் ஓடிய காரின் உதிரிப் பாகம் கிடைக்காத சிறு நகரம் தமிழ்நாட்டில் இல்லை. அதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக்கும் அரிது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் பிற்பகுதியில் குறைந்த செலவில் பந்தயக் கார் கட்ட நினைத்தபோது எடுத்துக்கொண்டதும் இதே எஞ்சின்தான். ஃபார்முலா மாருதி என்ற பெயரில் ஓடிய அந்த ஒற்றை இருக்கைக் கார்களில் ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் பழகினார்கள். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. சிறிய மண்தட வண்டிக்கு இந்த எஞ்சின் போதுமா என்ற ஐயம் எழுந்தால் அந்த வரலாறு போதிய பதில். ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ள காரை இழுத்த எஞ்சினுக்கு 400 கிலோ வண்டி சுமையே அல்ல.

குறை இல்லாமல் இல்லை. வார்ப்பும் துணைக் கருவிகளும் சேர்ந்து அது படகு எஞ்சினின் தலைப்பகுதியைவிடக் கனமானது. சத்தத்தில் உயிர் இல்லை. முறுக்கினால் பாய்ந்தெழும் டூ-ஸ்ட்ரோக்கின் குணம் அதற்குத் தெரியாது. இவற்றில் எடையைப் பற்றிய வாதம் பாதிதான் சரி, ஏனென்றால் முழு அவுட்போர்டும் சுமார் 70 கிலோதான் என்றாலும், தரைக்கு வரும்போது அதனோடு இரட்டைப் பெரிய ரேடியேட்டர், மின்பம்பு, தகடு, கப்ளிங், கிளட்ச், கியர் பெட்டி ஆகியவையும் ஏறிக்கொள்கின்றன.

எரிபொருள் கணக்கும் மாருதியின் பக்கமே சாய்கிறது. கார்பரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக்கில் புதுக் கலவை, எரிந்த புகையை வெளியே தள்ளும் அதே நேரத்தில் தானும் கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. உள்ளே வந்த பெட்ரோலில் கால் பங்கு வரை எரியாமலே போய்விடலாம். முழுத் திராட்டிலில் பத்து குதிரைத்திறனுக்கு மணிக்கு ஓர் அமெரிக்க கேலன் என்பது படகோட்டிகளிடையே வழங்கும் பழைய கணக்கு. அப்படிப் பார்த்தால் இந்த எஞ்சின் மணிக்கு 15 லிட்டர் குடிக்கும், ஐம்பதுக்கு ஒன்று என்ற கலவையில் 300 மில்லி ஆயிலும் அதனோடு சேரும். ஆயிலிலும் கவனம் வேண்டும். அவுட்போர்டுக்கு உரிய டிசி-டபிள்யூ3 வகை ஆயில் குளிர்ந்து ஓடும் பிளாக்குக்கானது. காற்றுக்குளிர்ச்சி மோட்டார் சைக்கிளுக்கான ஆயில் அதற்கு மாற்றல்ல. 60 டிகிரிக்குள் எஞ்சினை வைத்திருக்க முடிந்தால் டிசி-டபிள்யூ3 ஆயிலே தொடரலாம். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய பம்பின் டயாஃப்ரமும் ரப்பர் குழாய்களும் எவ்வளவு நாள் தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். அவற்றை முதலிலேயே மாற்றிவிடுவது நல்லது.

மோட்டார் சைக்கிள் எஞ்சின்களைப் பொறுத்தவரை, மாணவர் பந்தய அணிகள் விரும்பி எடுக்கும் கேடிஎம் 390இன் 373 சிசி எஞ்சின் 43 குதிரைத்திறனைத் தருகிறது. நீர்க்குளிர்ச்சி, ஆறு கியர், கிளட்ச் எல்லாம் ஒரே கூட்டில் அடங்கியிருக்கின்றன. எடையைப் பார்த்தால் இந்தப் பட்டியலிலேயே சிறந்தது அதுதான். ஆனால் பின் கியர் இல்லை, டிஃபரென்ஷியல் இல்லை, செயினிலிருந்து இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பை நாமே செய்ய வேண்டும். முறுக்குவிசையும் ஏறக்குறைய 7000 சுற்றில்தான் உச்சத்துக்கு வருகிறது. தார்த் தடத்துக்கு அது பொருந்தும், மணலுக்குப் பொருந்தாது. டூ-ஸ்ட்ரோக்தான் வேண்டும் என்றால் ராஜ்தூத் 350 என்று சிலர் சொல்வார்கள். 347 சிசி, அதிகத் திறன் வகையில் 30.5 குதிரைத்திறன். அதை ஒரு மண்தட வண்டிக்காக அறுப்பவரோடு எனக்குப் பேச்சில்லை. பின் கியரோடு கூடிய டூ-ஸ்ட்ரோக் ஒன்று நம்மிடையே உண்டு, பழைய பஜாஜ் ஆட்டோவின் 145 சிசி எஞ்சின். பிள்ளைகள் ஓட்டும் சிறு வண்டிக்கு அது அருமையான தேர்வு, இரண்டு பெரியவர்களை மணலில் இழுக்க அதன் சுமார் 7 குதிரைத்திறன் போதாது. மின்மோட்டார் இந்தச் சிக்கல்கள் அனைத்தையும் ஒரே வீச்சில் தாண்டிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஆனால் பேட்டரியின் விலையைக் கேட்டதும் நண்பர் பேச்சை மாற்றிவிட்டார்.

ஆகவே வண்டி ஓட வேண்டும் என்பது நோக்கமானால் மாருதி எஞ்சினே என் தேர்வு, அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஓடும் நிலையில் உள்ள 40 குதிரைத்திறன் அவுட்போர்டுக்குக் கரையில் வாங்க ஆள் இருக்கிறது. அதை விற்ற பணத்தில் பழைய மாருதியும் இரும்புக் குழாய்களும் வாங்கிவிடலாம். அவுட்போர்டிலிருந்து ஒன்றை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளச் சொன்னேன், ஓட்டுபவரின் மணிக்கட்டில் மாட்டும் கயிறு இழுபட்டதும் எஞ்சினை அணைக்கும் அந்தச் சிறு சுவிட்ச். மண்தட வண்டிக்கு அதைவிட மலிவான பாதுகாப்பு வேறில்லை.

கணக்கு எங்கே மாறும் என்றால், எஞ்சினின் அளவு பெரிதாகும் இடத்தில். நண்பரிடம் இருப்பது யமஹாவின் 1140 சிசி, மூன்று சிலிண்டர், 90 குதிரைத்திறன் எஞ்சினாக இருந்திருந்தால் மாருதி 800 போட்டியிலேயே இருந்திருக்காது. அப்போது குளிர்ச்சிக்கும் பற்றவைப்புக்கும் படும் பாட்டுக்குக் கைமேல் பலன் இருந்திருக்கும். கோனிக் எஞ்சினைத் தரைக்குக் கொண்டுவந்தவர்கள் செய்த கணக்கும் அதுவே. நோக்கம் வண்டியல்ல, அந்த மாற்றத்தைச் செய்து பார்ப்பதே என்றாலும் கணக்கு மாறும். நண்பர் ஒரு வாரம் யோசித்துவிட்டு, தன் நோக்கம் இரண்டாவதுதான் என்று சொல்லிவிட்டார்.

அப்படியானால் எதையும் அறுப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றின் வரிசை முக்கியம். இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து, அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். மண்ணெண்ணெய்க்கான வகையா என்று பார்க்க வேண்டும். அவ்வகையில் கம்ப்ரஷன் குறைவாக வைக்கப்பட்டிருக்கும், வெகுநாள் மண்ணெண்ணெயில் ஓடியிருந்தால் ரிங்குகள் கரியில் ஒட்டியிருக்கும். தலையைக் கழற்றி நீர்வழிகளில் உப்பு எவ்வளவு அரித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், பிளாக் அரித்துப்போயிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. இவற்றில் தேறினால், கப்ளிங் கடையவோ தகடு வெட்டவோ போகாமல், எஞ்சினை நின்ற நிலையிலேயே கரையில் கட்டிப்போட்ட ஒரு வள்ளத்தின் பின்பலகையில் மாட்டச் சொன்னேன். இம்பெல்லரைக் கழற்றிவிட்டு, பிளாக்குக்கு வரும் நீர்வழியை அடைத்து, தெர்மோஸ்டாட் மூடியிலிருந்து குழாய் எடுத்து, மின்பம்பு வழியாக ரேடியேட்டரில் சுற்றவிட வேண்டும். புகை இறங்கும் நடுத்தண்டுக்கு மட்டும் தனிக் குழாயில் கடல் நீர் கொடுக்க வேண்டும். சுமை கொடுக்கப் புரொப்பல்லர் இருக்கிறது. சித்திரை மாத மதியத்தில் 4000 சுற்றில் 20 நிமிடம் ஓட்டி, சிலிண்டர் தலையில் வைத்த வெப்பமானி 65 டிகிரியைத் தாண்டாமல் நின்றால் லேத் பட்டறைக்குப் போகலாம். தாண்டினால் ரேடியேட்டரை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் கடல் இருக்க, வள்ளத்துக்குள் கார் ரேடியேட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைக் கரையில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நண்பர் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ரேடியேட்டர் விசிறிக்கு 12 வோல்ட் பேட்டரி ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகும்படி மட்டும் சொன்னேன்.